சம்பந்திகள் கடல் பார்க்கப் போவது பற்றி

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

எழுதலாமா கூடாதா என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவது தாளில் எழுதுகிறேன். விவாகரத்து முடியும் வரைக்கும் இரண்டு வீட்டாரும் போனில் பேசிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம். "நீங்க பாட்டுக்கு எதையாவது பேசி வைப்பீங்க, நாளைக்கு அது கேஸ்ல வந்து நிக்கும்மா" என்றான் என் பையன். சரி என்று தலையாட்டினேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். வக்கீல் போனைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார், கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் நூலகத்தில் குப்பை கொட்டியவள் நான். எழுதி ஒட்டாத விதியை மதிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

விஷயம் நம் மே மாதப் பயணம். டிராவல் ஆபீஸிலிருந்து தாள் வந்திருக்கிறது. யார் யார் வருகிறோம் என்று மார்ச் இருபதாம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டுமாம். பத்து நாள், ஒரே அறை, இரண்டு கட்டில், ஜன்னல் கடல் பக்கம். எல்லாம் நாம் கேட்டபடியே கிடைத்திருக்கிறது. நாம் கேட்டபோது என் பையனும் உங்கள் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

கல்யாண வரவேற்பில் நம்மை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் போட்டோ எடுக்கப் போனது நினைவிருக்கிறதா? "வெயில் அடிக்கிற ஒரு பழைய ஊருல, கடலைப் பாத்துக்கிட்டு, பத்து நாள் யாருக்கும் எதுவும் செய்யாம உக்காரணும்" என்றீர்கள். இப்போது நாம் போக இருக்கும் அந்த நாட்டைப் பற்றிய புத்தகத்தை ஆறு வருடமாக வேறு யாருக்கும் போகாதபடி என் பெயரிலேயே எடுத்து எடுத்து வைத்திருந்ததை அன்றுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அன்று மணமக்களைவிட நாம்தான் அதிகம் பேசியிருப்போம்.

இப்போது உங்களுக்கு என் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் இருக்கலாம். அது நியாயம்தான். ஒரு வார்த்தை எழுதினால் என் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன்.

உங்களுக்கு இப்போது நான் என்ன ஆக வேண்டும் என்று தெரியாததால் வெறுமனே,
நூலகத்துக்காரி


பிப்ரவரி 11

சம்பந்தி,

என்ன இது, 'அவர்களுக்கு' எல்லாம் போட்டு? நான் என்ன கலெக்டரா? உங்கள் கடிதம் வந்தபோது ஆவி இஸ்திரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் ஒரு மூலை ஊறிப்போய்விட்டது. அந்த மூலையில் இருந்த வார்த்தைகளை நானே ஊகித்துக்கொண்டேன்.

நான் வருகிறேன். வரவில்லை என்று யார் சொன்னது? இருபத்தாறு வருடமாக ஊரார் அழுக்கை வெளுப்பவள் நான். அந்த நாட்டில் ஈரத்துணி அரை மணியில் காய்ந்துவிடும் என்று நீங்கள் படித்துச் சொன்ன நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. பழைய துறைமுகத்துக்குப் பின்னால் பெண்கள் துணி துவைத்த கல் தொட்டிகள் வரிசையாக இருக்கிறதாமே, அறுநூறு வருடத்துக் கல். முதல் நாள் அங்கேதான். உங்கள் கடல் மதில் இரண்டாம் நாள் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு. நான் குறட்டை விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் மருமகள் என்னோடுதான் இருக்கிறாள். கடைக்கு மேலே உள்ள அறை. காலையில் கண்ணாடிக் கடைக்குப் போகிறாள், ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து நம்பர் எழுதிக் கொடுக்கிறாள், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். சாப்பிட்டியா என்றால் 'ம்'. துணி இருந்தா போடு என்றால் அதற்கும் 'ம்'. அவளுக்கு எதிரில் உங்கள் பேச்சை எடுக்கவே முடியவில்லை. உங்கள் கடிதத்தை டோக்கன் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா!

கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. மாப்பிள்ளை மேல். மாப்பிள்ளை என்று எழுதி அடித்தேன், வேறு வார்த்தை வராததால் திரும்பவும் அதையே எழுதியிருக்கிறேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாராம். மூன்று வருடக் குடும்பம், ஒரு பெட்டி. உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதை நான் கேட்கவும் போவதில்லை. துருவித் துருவிக் கேட்பது என் வழக்கம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

தொப்பி வாங்கிவிட்டீர்களா?

சலவைக்கடைக்காரி


பிப்ரவரி 19

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை நூலகத்திலேயே படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நூலகத்தில் சத்தம் போட வேண்டாம் என்று நானே எழுதி மாட்டிய பலகைக்கு நேர் கீழே.

பயணத் திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். முதல் நாள் உங்கள் கல் தொட்டி. இரண்டாம் நாள் கடல் மதில். மதிலின் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம், ஒரு பக்கம் ஓட்டு வீடுகள், மறுபக்கம் கடல். காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், வெயில் ஏறினால் கல் சுடுமாம். மூன்றாம் நாள் கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பழைய அரங்கம். அங்கே கீழ்ப்படியில் நின்று ஒரு தீக்குச்சி கிழித்தாலும் மேல்படியில் கேட்குமாம். நீங்கள் கீழே நில்லுங்கள், நான் மேலே போகிறேன். உங்கள் குரலுக்குத் தீக்குச்சியே வேண்டாம்.

தொப்பி வாங்கவில்லை. ஒற்றை ஆளாகக் கடைக்குப் போய்த் தொப்பி போட்டுப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

என் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் கெட்டவன் என்று நீங்கள் நினைத்தால் என்னால் மறுத்துப் பேச முடியாது. இருவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச எதுவுமே இல்லாமல் போய்விட்டது என்றுதான் சொல்கிறான். அவன் வீட்டை விட்டுக் கிளம்பியது எனக்கும் தலையில் இடி விழுந்த மாதிரிதான் வந்தது. நம்புங்கள்.

உங்கள் மகள் சரியாகச் சாப்பிடுகிறாளா?

நூலகத்துக்காரி


பிப்ரவரி 27

சம்பந்தி,

ஒரு வாரமாக இதை எழுதவில்லை. எழுதினால் நீங்கள் என்னோடு வர மாட்டீர்கள் என்று பயம். எழுதாமல் உங்களோடு ஒரே அறையில் பத்து நாள் படுத்துத் தூங்க முடியாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

போன அக்டோபரில் மாப்பிள்ளையின் சாம்பல் நிறக் கோட்டு என் கடைக்கு வந்தது. துவைப்பதற்கு முன்னால் பைகளைத் துழாவுவது வழக்கம். உள்பையில் ஒரு தாள் மடித்து இருந்தது. தண்ணீர் பட்டிருக்கிறதா என்று பார்க்க விரித்தேன். ஊரின் அந்தக் கோடியில் ஒற்றை அறை வீடு ஒன்றுக்கு வாடகை ஒப்பந்தம். குடியிருப்பவர் ஒருவர் என்று எழுதி, கீழே மாப்பிள்ளை கையெழுத்து.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. பையில் கிடைத்தது எதுவானாலும் நமக்குத் தெரியாது. காதல் கடிதம் இருக்கும், மருந்துச் சீட்டு இருக்கும், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய நகைக்கு ரசீது இருக்கும். எதையும் கேட்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. கவரில் போட்டு, மேலே 'பையில் இருந்தது' என்று எழுதி, துணியோடு சேர்த்து ஊக்குக் குத்தி அனுப்பிவிட வேண்டும். இந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் இந்தத் தெரு முழுவதும் என்னிடம் துணி போடுகிறது.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கவரில் போட்டேன், எழுதினேன், ஊக்குக் குத்தினேன். அது என் மகளின் வாழ்க்கை என்று புத்தியில் உறைத்தபோது மாப்பிள்ளையே வந்து கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று மாதம். தினம் நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம். அவளாகச் சொல்லட்டும் என்று ஒரு சாக்கு. ஒருவேளை ஆபீஸ் வேலைக்காக எடுத்த அறையாக இருக்கும் என்று இன்னொரு சாக்கு.

தலையில் இடி விழுந்த மாதிரி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உங்களிடமாவது சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். மகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

சலவைக்கடைக்காரி


மார்ச் 5

அன்புள்ள சம்பந்தி,

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். உங்களுக்குப் பொய் எழுதினேன்.

அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டு அவன் நேராக என் வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தான். கவரை நான் பார்த்தேன். உங்கள் 'ப' எனக்குத் தெரியும், வயிறு பெருத்த 'ப'. பிரித்தேன், படித்தேன், அவன் கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கொஞ்ச நாள் கொடும்மா என்றான். கொடுத்தேன்.

கொடுத்தது நாள் மட்டும் இல்லை. இரண்டு தலையணை, ஒரு சின்ன அடுப்பு, தட்டு. அந்த அறையின் ஜன்னலுக்குத் திரை இல்லையே, தெருவிலிருந்து உள்ளே தெரியுமே என்று அளவெடுத்துத் திரை தைத்துக் கொடுத்தேன். அதே வாரத்தில் நீங்களும் நானும் ஒரு மணி நேரம் போனில் பேசினோம். அகலமான தொப்பியா, குறுகலான தொப்பியா என்று. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தொப்பியைப் பற்றிப் பேசினேன். நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் அது தானாக அடங்கிவிடும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. உங்களை இழந்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அதுதான் பெரிதாக இருந்தது.

என் பெயரை எடுத்துவிடச் சொல்லட்டுமா?

நூலகத்துக்காரி


மார்ச் 10

எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கவருக்காக நான் ஐந்து மாதம் என்னை நானே அறைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் திரை தைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். என் பெண் அந்த வீட்டில் இவருக்கு வடித்துக் கொட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில், இவர் அவளை விட்டுப் போய் இருக்கப் போகும் அறைக்கு ஜன்னல் அளவு எடுத்திருக்கிறீர்கள். துணி என்ன நிறம்? பூப் போட்டதா, போடாததா?

'நம்புங்கள்' என்று வேறு எழுதினீர்கள். நம்பினேன்.

என் பெண்ணிடம் நான் இதைச் சொல்லப் போவதில்லை. இருக்கிற வேதனை போதும் அவளுக்கு.

இனி எழுத வேண்டாம்.


மார்ச் 15

சம்பந்தி,

வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகும் எழுதுகிறேன். இது ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

டிராவல் ஆபீஸுக்குப் போய் என் பெயரை எடுத்துவிட்டேன். அறை உங்கள் பெயரில் அப்படியே இருக்கிறது. என் இடத்தில் யாரைப் போடுவது என்று நீங்கள் இருபதாம் தேதிக்குள் சொன்னால் போதும்.

அங்கிருந்து திரும்பும் வழியில் உங்கள் மகளின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் தப்பை அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கண் சோதிக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அவள் ஒரு நொடி திகைத்தாள், பிறகு, "வாங்க அத்தை" என்று உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். விளக்கைக் குறைத்து, லென்ஸ் மாட்டிப் பார்க்கும் கனமான சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள்.

"நேரா பாருங்க. மூணாவது வரி?"

படித்தேன்.

"நாலாவது?"

"கண்ணு, அந்த வீட்டப் பத்தி எனக்கு அக்டோபர்லயே தெரியும். ஜன்னல் திரை நான்தான் தெச்சுக் கொடுத்தேன்."

லென்ஸ் மாற்ற வந்த கை அப்படியே நின்றது. "எனக்கும் தெரியும் அத்தை. கோட்டுப் பையில இருந்த தாள நான்தான் முதல்ல பாத்தேன்" என்றாள்.

சம்பந்தி, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பாத்துட்டு அத அதே பையில வச்சு, அம்மா கடைக்கு நான்தான் கொடுத்து விட்டேன். அவர்கிட்ட நேரா கேட்டா அது நெஜமாயிடும்னு பயமா இருந்துச்சு. அம்மா எப்படியும் பையத் துழாவுவாங்க. பாத்ததும் போன் பண்ணி, என்னடி இதுன்னு கேப்பாங்க. கேட்டா அழுதுடலாம்னு இருந்தேன். அன்னிக்குப் பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன் அத்தை. சாயங்காலம் அவர் வந்தாரு. கோட்டுல ஊக்கு குத்துன ஓட்டை மட்டும் இருந்துச்சு."

என் மேல் கோபமா என்றேன். "உங்க மேலயும் இருக்கு. ஆனா நீங்க அவரப் பெத்தவங்க. நான் காத்துக்கிட்டு இருந்தது என்னப் பெத்தவங்களுக்கு" என்றாள்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. எனக்குச் சொல்ல வரல" என்றாள். பிறகு விளக்கைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் புது நம்பர் எழுதிக் கொடுத்தாள். இடது கண்தான் மோசமாம்.

நூலகத்துக்காரி


மார்ச் 19

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முத்திரையே விழுந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அன்று பகலிலேயே கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன். மேலே போனேன். அவளுக்கு அன்று விடுமுறை, கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள் என்பது பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு மாதமாக அதே அறையில் இருக்கிறாள். தினம் படியேறிப் போய், சாப்பிட்டியா, குளிச்சியா, துணி இருந்தா போடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றுதான் எதிரில் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்னடி ஆச்சு? எங்கிட்ட சொல்லு" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். ஐந்து மாதம் லேட்டு. அவள் என் மடியில் விழுந்து அழுதாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "இப்பவாவது கேட்டியேம்மா" என்றாள். அப்புறம் சொன்னாள், எல்லாவற்றையும் முதலிலிருந்து. அதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. நடுவில் கீழே யாரோ கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். என் கடையின் அந்தச் சட்டம் தெருவுக்குச் சரி. பெற்ற பெண்ணையும் நான் வாடிக்கையாளர் மாதிரியே நடத்திவிட்டேன். அதற்குப் பெயர் கண்ணியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அவளைத் தேடிப் போய், வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து சொன்னீர்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்தத் திரை இருக்கிறதே, அது மட்டும் ஆறவில்லை. ஆறாது என்றுதான் நினைக்கிறேன். அந்த நாட்டில் ஏதோ ஒரு நாள், நல்ல வெயிலில், அதைச் சொல்லி உங்களைக் கிழி கிழியென்று கிழிப்பேன். தயாராக வாருங்கள்.

ஆமாம், வாருங்கள். இன்று காலையில் டிராவல் ஆபீஸுக்குப் போய் உங்கள் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். எடுத்துவிட்டு ஐந்து நாளில் சேர்த்தால் எப்படி என்று அங்கே இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் முணுமுணுத்தார். தாளில் 'உடன் வருபவர் என்ன உறவு' என்று ஒரு இடம் இருந்தது. சம்பந்தி என்றேன். பேச்சுவாக்கில் கேஸ் விவரத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டேன், உடனே பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "அப்போ மே மாசம் நீங்க சம்பந்தி இல்லையேம்மா" என்றார். "பிரியறது அவங்க ரெண்டு பேரு. நாங்க எங்க பிரிஞ்சோம்? எழுதுங்க சார்" என்றேன். எழுதினார்.

மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. "போயிட்டு வாம்மா. ஆனா வந்து அத்தையப் பத்தி எங்கிட்ட ரொம்பப் பேசாத, கொஞ்ச நாளைக்கு" என்றாள். அது சரிதான்.

இனிமேல் எதையும் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் என் மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்டீர்கள். இத்தனை கடிதத்திலும் உங்களை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பையனுக்கு வாழ்க்கை இப்படி ஆகிவிட்டது. என் வீட்டோடு இருந்த போக்குவரத்து நின்றுவிட்டது. ஒற்றை ஆளாக அந்த வீட்டில் என்ன செய்கிறீர்கள்? எப்படி இருக்கிறீர்கள்? நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 23

சம்பந்தி,

கடிதம் நூலகத்துக்கு வந்தது. வழக்கம்போல மேஜையிலேயே பிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது எதிரில் ஒருவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து, பழைய செய்தித்தாள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம். திரும்பி வந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாமதக் கட்டணம் இருக்கிறதா என்று மட்டும் மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நன்றாக இல்லை. அக்டோபரிலிருந்தே நன்றாக இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் எனக்கே தெரியாமல் இருந்தது.

உங்கள் சம்பந்தி